வரிசையில் நீங்கள் இரண்டாவது

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “இந்த இசையை முதன்முதலில் கேட்டது யாரும்மா?” என்பதுதான். யார் போட்டது என்று கேட்பார், கூசாமல் ஒரு பொய் சொல்லலாம் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கேட்டது யார் என்பதற்கு உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

“கிட்னிக்காரங்க சார்,” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். அவரிடம் சொல்லாமல் விட்டதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் சண்முகக்கனி. சங்குமுனைக் குடிநீர் வாரியத்தின் புகார்க்கூடத்தில் மேற்பார்வையாளர். ஆறு பெண்கள் போனை எடுக்கிறார்கள், நான் அவர்களை மேய்க்கிறேன். சங்குமுனை கடல்நீரை உப்பு நீக்கிக் குடிக்கிற ஊர். எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று தீர்மானிப்பது ஓர் இயந்திரம். அதற்கு வாரியம் வைத்த பெயர் நீளமானது, நாங்கள் மடைக்காரன் என்போம். கோபம் வந்தால் இன்னும் சுருக்கிக் கூப்பிடுவோம்.

ஆரம்பத்தில் மடைக்காரனுக்குக் கண் இருந்தது. குழாய்க்குக் குழாய் மீட்டர் வைத்திருந்தார்கள். உப்புக்காற்றில் இரண்டே வருடத்தில் எல்லாம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. புது மீட்டர் வாங்குவதற்குப் பதில் ஜனங்களுடைய வாயையே மீட்டராக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு புத்திசாலி யோசனை சொன்னார். அன்றிலிருந்து எந்த வார்டில் ‘தண்ணி வரலை’ என்ற புகார் அதிகமோ, அந்த வார்டுக்கு மடைக்காரன் வால்வைத் திறப்பான். புகார் இல்லாத வார்டில் மூடுவான். கேப்பையில் நெய் வடிகிறது என்று பத்துப் பேர் சொன்னால் அவன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஆனாலும் ஏழு வருடம் இந்த ஏற்பாடு ஒழுங்காகவே ஓடியது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது வரவில்லை என்று எவன் போன் செய்வான்?

செய்தார்கள். அதற்குக் காரணம் பாட்டு.

என் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி காலை ஒன்பது மணிக்கு அரசு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் கூடத்தில் படுத்தாரானால் ஒரு மணிக்கு எழுவார். எட்டுக் கட்டில், எட்டு மெசின். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஒருவருடைய ரத்தத்தைக் கழுவ நூற்றிருபது லிட்டருக்குக் குறையாமல் சுத்தத் தண்ணீர் வேண்டும். அந்த நாலு மணி நேரமும் எட்டுப் பேரும் காதில் குமிழைச் செருகிக்கொண்டு அவரவர் தனியிசையில் கிடப்பார்கள்.

தனியிசை வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. காதுக்குமிழ் நம் நாடியைப் பார்த்து, அந்த நிமிடத்துக்கு, அந்த ஆளுக்கு மட்டும் ஒரு பாட்டைச் செய்து தரும். ஓடி முடிந்ததும் அந்தப் பாட்டு உலகத்தில் இருக்காது. என் பாட்டை நீங்கள் கேட்க முடியாது, நாளைக்கு நானே கேட்க முடியாது. வெளியே ஸ்பீக்கரில் எது ஓடினாலும் குமிழ் அதையும் நம் காதுக்குத் தோதாக மாற்றிவிடும். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேர் ஐந்நூறு தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு பந்தியில் சாப்பிடுகிறார்கள். ‘இந்தப் பாட்டைக் கேட்டியா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்பது நின்றே போயிற்று. நின்றதை யாரும் கவனிக்கவும் இல்லை, நான் உட்பட.

என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டில் உவைஸ் காக்காவுடையது. காக்கா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன். கப்பலில் முப்பது வருடம் சமையல் செய்தவர். ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டில் நிஜமாகவே தண்ணீர் வரவில்லை. கட்டிலில் படுத்தபடியே வாரியத்துக்குப் போன் போட்டிருக்கிறார். ‘புகார் சொல்ல ஒன்பதை அழுத்தவும்’ என்றதும் அழுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறார். சற்று நேரத்தில் போர்வைக்கடியில் அவர் கால் வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துபோனார். பின்னால் அவரே சொன்னதுதான் இது.

“காக்கா, கால் இழுக்குதா? நர்ஸக் கூப்பிடவா?”

“இழுக்கலப்பா. கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“தனியிசையா?”

“இல்ல. தண்ணி வாரியம்.”

என் வீட்டுக்காரர் சிரித்திருக்கிறார். காக்கா சிரிக்கவில்லை.

“ஒன்பத அமுக்கிட்டுக் காத்திரு. அந்தப் பிள்ளைங்க எடுத்துட்டா வச்சுட்டு மறுபடி போடு.”

போட்டார். கேட்டார். ஒரு நிமிடம் கழித்துத் தலையை மட்டும் திருப்பி, “இப்ப டொக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, உங்களுக்கும் வந்துச்சா?” என்று கேட்டார்.

“வந்துச்சு.”

“இந்தா, இப்ப நின்னுட்டுது?”

“ஆமா, நின்னுட்டுது.”

“அது எப்படி காக்கா, எனக்கும் உங்களுக்கும் ஒண்ணு போல கேக்கு?”

“போன் பேச்ச குமிழு தொடக்கூடாதுன்னு சட்டம்லா இருக்கு. நீ சொல்லுதத எனக்கு மாத்திச் சொல்லிரக் கூடாதுல்ல. நம்மளக் காக்க வைக்கும்போது போடுத சத்தமும் அந்தக் கணக்குல வந்துருது. வாரியத்துக்காரன் ஒரே பாட்ட ஓட விட்டுக்கிட்டே இருக்கான். போன் போடுதவன் எல்லாம் அதுக்குள்ள போய் நிக்கோம்.”

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு மணி வரை கேட்டிருக்கிறார்கள். ‘ஒன்பது’ என்று ஊரே பேர் வைத்த அந்தப் பாட்டின் முதல் இரண்டு ரசிகர்கள் இவர்கள்தான்.

அடுத்த வாரம் எட்டுக் கட்டிலிலும் பதினாறு கால்களும் ஒரே நேரத்தில் வெட்டின. நர்ஸ் மரியபுஷ்பம் பதறிப்போய், எல்லாருக்கும் கால்சியம் இறங்கிவிட்டது என்று டாக்டரைக் கூப்பிட்டாள். எட்டுப் பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. விசயத்தைச் சொன்ன பிறகு அவளும் ஒன்பதை அழுத்தினாள். அவளிடமிருந்து மற்ற நர்சுகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், பஸ் டிரைவர்கள், மீன் ஏலக்காரர்கள். மூன்றே மாதத்தில் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் “இன்னைக்கு ஒன்பது கேட்டியளா?” என்று பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. விளக்கின் அடியில்தானே இருட்டு. புகார்க்கூடத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காத்திருப்பு இசை கேட்காது, எங்களைக் காக்க வைப்பார் யாரும் இல்லை. நாங்கள் கண்டதெல்லாம் வரிசை நீண்டதுதான். நாற்பது பேர் நின்ற இடத்தில் இருநூறு பேர். போனை எடுத்தால் பாதிப் பேர் பட்டென்று வைத்துவிடுவார்கள். வைக்க முடியாமல் அகப்பட்டுக்கொண்டவர்கள்தான் பாவம்.

நம் ஆட்களின் குணம் அப்படி. பெனிட்டா மரியாதையாக, “வணக்கம், உங்க புகாரைச் சொல்லுங்க” என்கிறாள். வேலை செய்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் ‘சும்மா பாட்டுக் கேட்கப் போட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? கூச்சத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்கள்: “தண்ணி வரலம்மா.” சிலர் அதற்கு ஒரு கனம் சேர்க்க நினைத்து, “நாலு நாளா வரல” என்றார்கள். சொல்லிவிட்டு “சிரமத்துக்கு மன்னிச்சுக்கோம்மா” என்று வேறு சொன்னார்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பொய்தான். ஒரு நாளைக்கு இருநூறு.

மடைக்காரன் அத்தனையையும் நம்பினான். நான்காம் வார்டு, ஏழாம் வார்டு, பதினோராம் வார்டில் இரவும் பகலும் தண்ணீர் வழிந்தது. வாரியம் திருந்திவிட்டது என்று சந்தோசப்பட்டு ஜனங்கள் இன்னும் அதிக நேரம் பாட்டுக் கேட்டார்கள். குழாய்ப் பாதையின் கடைசியில் கிடந்தது இருபத்து மூன்றாம் வார்டு. அங்கே வீடுகள் குறைவு. ஆஸ்பத்திரிதான் இருந்தது. ஆஸ்பத்திரி போன் செய்து புகார் சொல்லாது, கடிதம் எழுதும். கடிதத்தைப் படிக்க மடைக்காரனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மரியபுஷ்பம் என் சொந்த போனுக்குக் கூப்பிட்டாள்.

“கனியக்கா, அரை மணி நேரமா ஒன்பதுல நிக்கேன். வரிசையில் நீங்கள் முன்னூற்றுப் பன்னிரண்டாவதுன்னு சொல்லுது. இங்க டாங்க்ல இன்னும் முக்கா மணி நேரத்துக்குத்தான் தண்ணி இருக்கு.”

“நின்னா என்ன செய்வீங்க?”

“மெசின நிறுத்தி ரத்தத்தத் திருப்பி ஏத்திருவோம். ஆனா சனிக்கிழமையும் இப்படித்தான் பாதியில நிறுத்துனோம். அண்ணாச்சிக்கு இன்னைக்குப் பொட்டாசியம் ரொம்பக் கூடிக் கிடக்கு. டாக்டர் மூஞ்சியே சரியில்லக்கா. இன்னைக்கும் நிறுத்துனா இருதயம் தாங்குமாங்காரு.”

“சனிக்கிழமை நிறுத்துனத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அண்ணாச்சிதான் வேண்டாம்னாவ. நீங்க வேலைல சத்தம் போடுவீங்களாம்.”

திரையில் பார்த்தேன். இருபத்து மூன்றாம் வார்டு வால்வு முக்கால்வாசிக்கு மேல் மூடிக் கிடந்தது. இயந்திரத்தை மீறி உத்தரவு போடும் அதிகாரம் பொறியாளருக்கு மட்டும்தான் உண்டு. அவர் தலைநகரில் கூட்டத்தில் இருந்தார். போனை எடுக்கவில்லை. வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் பம்ப் நிலையத்துக்கு ஓடினேன். புயலுக்குப் பயந்து பூமிக்கடியில் கட்டியது அது. நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும்.

கீழே ஞானதிரவியம் மட்டும் இருந்தான். பம்ப் நிலையத்தின் ஒப்பந்த டெக்னீசியன், முப்பது வயசுப் பிள்ளை. ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் இவன் பதினொன்றாவதாக நிற்பான். அவன் கையிலும் முழங்கையிலும் கிரீஸ்.

“இருபத்தி மூணக் கையால திறலே,” என்றேன்.

“திறந்துட்டேன்க்கா. காலையில இருந்து மூணு தடவ திறந்துட்டேன். பத்து நிமிசத்துல அதுவே மூடிருது. முன்னூறு பேரு வாயால சொல்லுதாவ, நான் ஒருத்தன் கையால சொல்லுதேன். அது யாரக் கேக்கும்?”

“அப்படி என்னலே முன்னூறு பேருக்குத் தண்ணி வரல? நாலாம் வார்டுலதான் நானும் இருக்கேன். எங்க வீட்டுல தொட்டி வழியுது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சுவரோரம் இருந்த சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினான். அது பழைய தொலைபேசி இணைப்பகம். புகார் எண்ணின் போன்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. அதன் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப் செருகியிருந்தது.

“அவங்க தண்ணிக்காகப் போடலக்கா. பாட்டுக்காகப் போடுதாவ. அந்தப் பாட்டு நான் செஞ்சது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்று சொன்னான்.

“இங்க கீழ குமிழுக்கு சிக்னல் கிடையாது. எட்டு மணி நேரமும் மோட்டார் சத்தம்தான். கேட்டுக் கேட்டு அதுல ஒரு தாளம் பிடிபட்டுச்சு. மோட்டார், வால்வு, குழாய்ல காத்து இழுக்குத சத்தம் எல்லாத்தையும் எடுத்து லேப்டாப்புல வெட்டி ஒட்டினேன். பொட்டிக்குள்ள பழைய மணிச் சத்தம் தேஞ்சு கரகரன்னு கிடந்துச்சு, அத எடுத்துட்டு இதப் போட்டேன். போன் லைன்ல திம்திம்னு வருத அடிச்சத்தம் ஏறாது. அதனால அது வர வேண்டிய இடத்த எல்லாம் வெறுமனே விட்டு வச்சேன்.”

“வெறுமனே விட்டா?”

“கேக்கவங்க காலால தட்டி நிரப்பிக்கிடுவாவ. அப்படிச் செய்யுதாவளான்னு எனக்குத் தெரியாது. நான் யாரையும் பாத்தது இல்லையே.”

அந்தப் பதினாறு கால்களைப் பற்றி அப்போது எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

“உன்னைய பொறவு கொல்லுதேன். இப்ப இதுக்கு வழி சொல்லு.”

வழி அவனுக்குத் தெரிந்திருந்தது. புகார் எண்ணில் ஆரம்பத்திலிருந்தே ஒரு வசதி உண்டு: ‘உங்கள் புகார் தீர்ந்துவிட்டதென்றால் ஒன்றை அழுத்தவும்.’ அழுத்தினால் அந்த எண்ணிலிருந்து வந்த புகாரை மடைக்காரன் அழித்துவிடுவான். ஏழு வருடத்தில் ஒருவரும் அதை அழுத்தியதாகப் பதிவு இல்லை. குறை சொல்லப் போன் போடுவார்கள், குறை தீர்ந்தது என்று சொல்ல நம் ஊரில் எவர் போடுவார்?

திரவியம் ஒரு மைக்கை எடுத்து லேப்டாப்பில் செருகி என்னிடம் நீட்டினான்.

“நீங்க பேசுங்கக்கா.”

“உன் ரசிகருங்க, நீயே பேசு.”

“என் குரல் யாருக்கும் தெரியாது. உங்க குரல்தான் அவங்களுக்குப் பழக்கம். அதுல ஒரு விசயம் இருக்கு, உங்ககிட்ட அப்பவே கேட்டிருக்கணும்…”

“பொறவு சொல்லு,” என்று மைக்கைப் பிடுங்கினேன்.

பழக்கம் என்று அவன் சொன்னது அறிவிப்பைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ‘தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும், வரிசையில் நீங்கள் இத்தனையாவது’ என்று சொல்லும் குரல் என்னுடையது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் பதிவு செய்தார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, குரல் வழுவழுவென்று இருக்கும். ஆறு பெண்களை மேய்த்து மேய்த்து இப்போது கரகரத்துவிட்டது.

அந்தப் பழைய குரலை வரவழைத்துக்கொண்டு பேசினேன். “வணக்கம். உங்கள் இல்லத்தில் தண்ணீர் வருகிறதென்றால் தயவுசெய்து ஒன்றை அழுத்தவும்.” பின்னால் அவன் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று முறை சொன்னேன். திரையில் ஒன்றை அழுத்தியவர்கள் பூஜ்யம். வரிசை மட்டும் முன்னூற்று இருபதானது, பிறகு முன்னூற்று அறுபதானது.

“என்னலே, கூடிக்கிட்டே போகுது?”

“புதுப் பாட்டுன்னு நினைச்சுட்டாவக்கா,” என்றான் அவன். “அடுத்தவங்களையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுதாவ போல.”

“பாட்ட நிறுத்து.”

அவன் விரல் ஒரு கணம் தயங்கியது. ஏழு மாதமாக ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிய பாட்டு அது. நிறுத்தினான். லைனில் ஒரு சத்தமும் இல்லை. முன்னூற்று அறுபது பேர் மூச்சுவிடாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. அறிவிப்புக் குரலை விட்டுவிட்டு என் வாயால் பேசினேன்.

“நான் சண்முகக்கனி பேசுதேன். புகார்க்கூடத்து சூப்பர்வைசர். இது பாட்டு இல்ல. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. கூச்சப்பட்டுச் சொன்ன பொய்யின்னு இப்பத்தான் தெரியுது. ஆனா உங்க தொட்டியில வழியுதது ஆஸ்பத்திரித் தண்ணி. அங்க எட்டுப் பேரு ரத்தம் மெசினுக்குள்ள நிக்கு. அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரரு. போய்க் குழாயத் திறந்து பாருங்க. தண்ணி வந்துச்சுன்னா ஒண்ண அமுக்குங்க. நெசமாவே வரலன்னா அமுக்காதிய.”

மைக்கைக் கீழே வைத்தேன். திரையைப் பார்த்தேன். பூஜ்யம். பத்து விநாடி, இருபது விநாடி, பூஜ்யம். திரவியம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எல்லாரும் வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நாற்பதாவது விநாடியில் ஒன்று விழுந்தது. அப்புறம் ஆறு. அப்புறம் முப்பது, தொண்ணூறு, இருநூற்றுப் பத்து. அந்த நாற்பது விநாடி எதற்கு என்று பின்னால்தான் தெரிந்தது. அத்தனை பேரும் நிஜமாகவே போய்க் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு பஸ் டிரைவர் நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டு, பெண்டாட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லக் கூசாதவர்கள் இல்லை அவர்கள். ஒரு பாட்டுக்காக மட்டும் சொன்னவர்கள்.

“இருபத்தி மூணு திறக்குதுக்கா,” என்றான் திரவியம். “சத்தத்தக் கேளுங்க.”

எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. திரையில் எண் மாறிய பிறகுதான் நம்பினேன். அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எத்தனை நாள் அழுகையோ தெரியாது, நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவனைக் கொல்வதாகச் சொன்னது மறந்தே போயிற்று.

அதிகாரியிடம் இவ்வளவும் சொன்னேன், திரவியத்தை மட்டும் வால்வு திருப்புகிற பையனாக்கிவிட்டு. பாட்டை யார் செய்தது என்று அவர் கடைசியில் கேட்கத்தான் செய்தார். “பழைய பெட்டி சார். மோட்டார் பக்கத்துல இருந்து இருந்து அந்தச் சத்தம் தானா ஏறிருச்சு போல,” என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அப்படியே எழுதிக்கொண்டார். திரவியம் இன்னும் அந்த நாற்பத்திரண்டு படிக்குக் கீழேதான் வேலை பார்க்கிறான். ஆஸ்பத்திரிக் குழாய்க்குத் துருப்பிடிக்காத மீட்டர் வந்துவிட்டது. புகார் எண்ணில் எட்டு என்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதை அழுத்தினால் பாட்டு மட்டும் ஓடும், யாரும் போனை எடுக்கமாட்டார்கள், கூச்சப்படவும் வேண்டாம்.

அதிகாரியிடம் சொல்லாமல் விட்டது, அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது.

பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மெசின் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று மரியபுஷ்பம் வாசலிலேயே சொல்லிவிட்டாள். டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு முழுதாக உயிர் வந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்துத் திருட்டுச் சிரிப்பு சிரித்தார்.

“நீ பேசினதக் கேட்டேன்,” என்றார். “நானும் ஒண்ண அமுக்கினேன்.”

“நீங்க ஏன் அமுக்குனீங்க?”

“நாலாம் வார்டுல தண்ணி வரலன்னு சொன்னதுல பாதி நான்தான் சொல்லிருப்பேன்.”

பக்கத்துக் கட்டிலில் உவைஸ் காக்கா சட்டென்று கண்ணை மூடித் தூங்குவதாகப் பாவனை செய்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“தண்ணி வாரியத்துல வேல பாக்கவள வீட்டுல வச்சுக்கிட்டு, தண்ணி வரலன்னு புகார் குடுத்தீங்களா? உங்க தண்ணிய நீங்களே நிறுத்திருக்கீங்க.”

“அந்தப் பிள்ள மரியாதையா கேட்டா. என்ன சொல்லச் சொல்லுத?”

“அப்படி என்னதான் இருக்கு அதுல?”

அவர் முகம் மாறியது. “நீ கேட்டதே இல்லையா, கனி?”

“என்னைய யாரு காக்க வைப்பா?”

“போட்டுப் பாரு. ஒன்பது.”

குமிழைக் காதில் செருகிக்கொண்டு என் வாரியத்துக்கே போன் போட்டேன். ஒன்பதை அழுத்தினேன். ஒரு சத்தமும் வருவதற்குள் பெனிட்டா எடுத்துவிட்டாள். “வணக்கம், உங்க புகாரைச் சொல்லுங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், ‘தண்ணி வரல’ என்பது நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“தண்ணி வருது,” என்றேன்.

“அக்கா, நீங்களா? அண்ணாச்சி எப்படி இருக்காவ?”

“நல்லாருக்காவ.”

“வரிசைல ஒரு ஆளு இல்லக்கா. வெக்கப்பட்டு எல்லாரும் வச்சுட்டாவ. கூடமே வெறிச்சுன்னு கிடக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அதக் கேக்கவாக்கா போட்டிய?”

“இல்ல… வந்து…” என்று இழுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. “கொஞ்சம் இணைப்புல இருங்கக்கா, யாரும் எடுக்க மாட்டோம்,” என்றாள்.

‘வரிசையில் நீங்கள் முதலாவது’ என்றது என் குரல், முப்பத்தெட்டு வயதுக் குரல். பிறகு அந்தத் தாளம் எழுந்தது. திரவியம் மறுபடி ஓடவிட்டிருக்கிறான். மோட்டார், வால்வு, குழாய்க்குள் காற்று. அதன் நடுவே ஒரு பெண் குரல் வந்தது. சொல் எதுவும் முழுதாக இல்லை. ‘காத்’ என்று ஒரு துண்டு, ‘பில்’ என்று ஒரு துண்டு, நீட்டி இழுத்த ஒரு ‘ங்’. வேலையாக இருக்கும் ஒருத்தி பக்கத்து அறையில் தனக்குத்தானே முனகிக்கொள்வது போல் இருந்தது. எங்கேயோ கேட்ட குரல் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். பிறகு தெரிந்தது. திரவியம் என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்ன விசயம் இதுதான். என் அறிவிப்பையும் அவன் வெட்டி ஒட்டியிருந்தான்.

ஊரே ஏழு மாதமாக என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் அது நான் என்று தெரியாது, ஒருவரைத் தவிர.

கட்டிலைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நாலு மணி நேரம்லா. நீ வேலைக்குப் போயிருவ. கூப்பிட்டா வேலைல தொந்தரவு. இதப் போட்டுட்டுக் கிடந்தா நீ பக்கத்துல எங்கயோ நடமாடிக்கிட்டிருக்க மாதிரி இருக்கும். பயம் இருக்காது.”

மூன்று வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டேன். தாளத்தில் வெறுமனே விட்ட இடம் வந்தபோது என் கால் தரையைத் தட்டியது. நானாகத் தட்டவில்லை.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனை எடுத்தார். எண்ணைப் போட்டார். ஒன்பதை அழுத்தினார். ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் ரெண்டாவதாம்,” என்றார்.

போர்வைக்கடியில் அவர் காலும் என் காலோடு சேர்ந்துகொண்டது.